உள்ளே விட்ட துணி

புதியம்புத்தூர்,
லெந்து காலம், வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

உங்கள் இவாஞ்சலின் எழுதுவது. நானும் நம் பாப்பா ஜெனிட்டாவும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். மாலத்தீவு மாலேயில் நீங்களும் சுகம்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்த ஆள் எப்படி இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான் வருகிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன், கட்டைவிரல். புளிக்குழம்பு தீய்ந்துபோனது என்றேன், அதற்கும் கட்டைவிரல். ஒரு விரலை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? அதனால் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டேன். ஒட்டப்பிடாரம் இசக்கிதுரை அண்ணன் லீவு முடிந்து உங்கள் ஓட்டலுக்கே திரும்புகிறார். அவரிடம் இதையும் கடம்பூர் போளியையும் கொடுத்து அனுப்புகிறேன். போளி கெட்டுப்போகும், அதை முதலில் தின்றுவிட்டுப் பிறகு கடிதத்தைப் பிரியுங்கள். பசியோடு படித்தால் உங்களுக்குக் கோபம் கூடும்.

நான் போனில் சொன்னது ஒரே விஷயம். நாம் கவுன் வெட்டப் பேட்டர்ன் வரைகிற அந்த ஆன்லைன் கணக்குக்கு மாதாமாதம் உங்கள் கார்டிலிருந்து காசு போகிறதே, அதை நிறுத்திவிடலாம், நம் கம்ப்யூட்டரிலேயே காசில்லாமல் ஓடுகிற ஒன்றைப் போட்டிருக்கிறேன் என்றேன். அதற்கு நீங்கள், “ஓசியில கெடைக்கிறதுக்கு என்னட்டி மதிப்பு” என்று கத்தினீர்கள். சரி, அது கோபம், வரும் போகும். அதன் பிறகு குரலை இறக்கி, “அப்ப நான் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள். அதுதான் எனக்கு நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. ஈஸ்டர் கழிந்ததும் ஓட்டல்காரர்கள் புது ஒப்பந்தத்தை உங்கள் முன்னால் நீட்டுவார்கள். நீங்கள் அதில் கையெழுத்துப் போடும் முன்னால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பதில் கடைசியில் இருக்கிறது, இப்போதே கடைசித் தாளைப் புரட்டாதீர்கள்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் தையல் யூனிட்டுக்குத் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் நீங்கள்தான். வேலை குறைந்த வருஷத்தில் கொஞ்ச நாள் போய்வருகிறேன் என்று மாலேவுக்குப் போனீர்கள். அங்கே ஓட்டல் சிப்பந்திகளுக்கு யூனிபார்ம் தைத்து முடித்த கையோடு, நம் கவுன்களுக்கும் பேட்டர்ன் வரைந்து அந்தக் கணக்கில் ஏற்றிவிடுவீர்கள். நான் இங்கே எடுத்து வெட்டுவேன். காலையில் பக்கத்தைத் திறந்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். வேலை ஒன்றும் இல்லாத நாளிலும் நீங்கள் திறந்து வைத்திருப்பீர்கள், நானும் திறந்து வைத்திருப்பேன். உலை கொதிக்கும்வரை அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை இதுவரை உங்களிடம் நான் சொன்னதில்லை.

ஆனால் அத்தான், புள்ளிக்குப் பேசத் தெரியாதே. கிறிஸ்துமஸ் கவுன் விஷயத்தில் என்ன ஆனது?

நம் கரிசல்காட்டுப் பெண்கள் கவுன் வாங்கும்போது நிறத்தையா முதலில் பார்க்கிறார்கள்? கீழ்க்கரையைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறது என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். மழை பெய்த வருஷத்தில் எடுத்த உடுப்பு, பெய்யாத வருஷத்துக்கும் சேர்த்து வர வேண்டும். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் போதும். இது நமக்குத் தெரியும், அந்த ஆன்லைன் கணக்குக்கு யார் சொல்வது? ஐப்பசிக் கடைசியில் அது யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நம் மடிப்பைத் தப்பு என்று நினைத்து, எல்லாக் கவுனுக்கும் விரற்கடை மடிப்பு போதும் என்று திருத்தி வைத்துவிட்டது.

நான் அச்செடுத்த தாள்களை ஒட்டிப் பார்த்தேன், மடிப்பைக் காணோம். துணியை மிச்சம் பிடிக்க அத்தானே குறைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் அங்கே படத்தைப் பார்த்தீர்கள். வியாபாரி கேட்டு இவள் குறைத்திருப்பாள் என்று நினைத்தீர்கள். தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் குறை சொல்ல வேண்டாம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. தனியாகக் கிடந்து பாடுபடுகிறவளைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று நீங்களும் திறக்கவில்லை. இப்படி இரண்டு பேரும் பாசத்தைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் துணியை அடுக்கடுக்காக விரித்து அத்தனையையும் வெட்டிவிட்டேன்.

கோவில்பட்டிக் கடையில் ரத்தினம் அண்ணாச்சி முதல் கவுனைத் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, நம்ம ஊர்ப் பிள்ளைய வளரவே கூடாதுன்னு சொல்லுதியா?” என்று கேட்டார். எனக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் நானும் நம் மெஷினில் தைக்கிற சுடலையம்மாளும் ஒவ்வொரு கவுனுக்கும் கீழே வேறு நிறத்தில் அகலப் பட்டி வைத்து, அதற்குள் மடிப்பை விட்டு ஒப்பேற்றினோம். பண்டிகைக்குள் எல்லாம் போய்விட்டது. இப்போது பட்டி வைத்த கவுன் இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்களாம், அது வேறு கதை.

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டு மடிப்பை வேறு யாரோ எங்கிருந்தோ மாற்றுகிற ஏற்பாடு நமக்கு வேண்டாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கோகுலகிருஷ்ணன் அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாரே, தீப்பெட்டி லேபிளும் கல்யாணக் கார்டும் போடுகிறவர், அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “கட்டிங்கு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நான் லேபிள் போடுதது பூராவும் காசில்லாம கெடைக்கிறதுலதான். எவனும் வெளிய இருந்து வந்து என் லேபிள்ல இருக்கிற மயில மாத்த முடியாது, பாத்துக்க” என்றார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் அவரே பார்த்துக் கொடுத்தார். சீட்டு விழுந்ததில் வாங்கினேன், உங்களுக்குத் தெரியாமல் கடன் கிடன் என்று பயப்பட வேண்டாம்.

எடுத்த எடுப்பில் எதுவும் சரியாக அமையவில்லை. முதலில் போட்டது, மின்னஞ்சலைக் கொடு, கணக்கைத் திற, கார்டு நம்பரைச் சொல், முதல் மாதம் மட்டும் இலவசம் என்றது. ஒன்றும் வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள் என்று பேச ஆரம்பிக்கிற மாப்பிள்ளை வீட்டார் ஞாபகம் வந்தது, அழித்துவிட்டேன். அடுத்தது படம் வரைய நன்றாக இருந்தது. ரோஜாப்பூவும் புறாவும் அதில் வரைந்து பாப்பா ஒரு வாரம் விளையாடினாள். ஆனால் சின்னக் கவுனைப் பெரிய அளவுக்கு இழுத்தால் கழுத்தும் கூடவே விரிந்து, பிள்ளை மொத்தமும் கழுத்து வழியாகவே வெளியே வந்துவிடும் போல ஆனது. மூன்றாவதாக அமைந்ததுதான் தையல்காரர்களுக்கென்றே செய்தது. நெட் வேண்டாம். அளவுகளுக்கு நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், ஓர் அளவை மாற்றினால் அதைச் சேர்ந்த கோடெல்லாம் தானாக நகர்ந்துகொள்ளும். நாமாகப் புதுசு போட்டால்தான் அது மாறும். இல்லையென்றால் வைத்தது வைத்தபடி இருக்கும். அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கே தேடிப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே நொட்டை சொல்வீர்கள்.

ஓசிக்கு என்ன மதிப்பு என்று கேட்டீர்களே. அதற்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் நம் கோவிலில் போடுகிற அசனச் சோறும் ஓசிதான். ஒரு வீடு அரிசி கொடுக்கும், ஒரு வீடு காய்கறி வெட்டும், ஊரே சேர்ந்து பொங்கி யார் வந்தாலும் இலை போடும். அதை மதிப்பில்லாத சோறு என்று யாராவது சொன்னார்களா? பந்தியில் மூன்று தரம் குழம்பு கேட்டவர் நீங்கள். இதுவும் அப்படித்தான் என்று கோகுலகிருஷ்ணன் அண்ணாச்சி சொன்னார். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்களாம். எனக்கு அவர்கள் முகம் தெரியாது. ஆனாலும் ஜெபத்தில் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கஷ்டமே அதற்குப் பிறகுதான். பழைய கணக்கிலிருந்து நம் பேட்டர்ன்களை இறக்கினால் வெறும் படமாகத்தான் வந்தது, தொட்டுத் திருத்த முடியவில்லை. நீங்கள் இத்தனை நாள் வரைந்தது அதற்குள்ளேயே கிடக்கிறது என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிற, நீங்கள் முன்பு கையால் பேட்டர்ன் வெட்டி வைத்த காக்கி அட்டைகளைக் கீழே இறக்கினேன். தூசி தட்டி, டேப்பை வைத்து, அட்டையில் அளந்து அளந்து ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வரைந்தேன். தை மாதம் பூராவும் இதே வேலைதான். சுடலையம்மாள் வீட்டில் ஆட்டைப் பத்தி விட்டுவிட்டு வந்து, என்னைப் பார்த்து, “யக்கா, இன்னும் அதே கழுத்துலயா இருக்கீய?” என்று கேட்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் நீங்கள் வெட்டிக் கொடுத்ததைத் தைத்திருக்கிறேன். உங்கள் கை எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அட்டையில் தோளுக்கு நேராக வந்து கொஞ்சம் தயங்கி அப்புறம் இறங்கும் உங்கள் கோடு. ஏன் நேராக இறங்கவில்லை என்று எரிச்சலாக வந்தது. நேராக இறக்கிப் பார்த்தேன், பாப்பா கையைத் தூக்கினால் கவுன் மொத்தமும் தூக்கிக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது, பிள்ளைகள் கையைத் தூக்கி விளையாடும் என்று யோசித்து வரைந்திருக்கிறீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தபோது இவ்வளவு உன்னிப்பாக உங்களைக் கவனித்ததில்லை அத்தான்.

மடிப்புக்கும் அதில் ஒரு கணக்கு வைத்துவிட்டேன். பிள்ளையின் வயது குறைய மடிப்பு கூடும், வயது கூட மடிப்பு குறையும். முதல்முறை அச்செடுத்துத் தாள்களை ஒட்டி, வெட்டி, தைத்து, கீழ்க்கரையைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே நம் மடிப்பு அப்படியே இருந்தது. சுடலையம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோய், என்னமும் துக்கச் செய்தியா என்று கேட்டாள்.

ஒரு கம்ப்யூட்டரை நம்பி எல்லாவற்றையும் வைக்கலாமா, இடி மின்னலில் போய்விட்டால் என்ன செய்வாய் என்று போனில் கேட்டீர்கள். நல்ல கேள்விதான். நகல் எடுத்து ஒரு பென்டிரைவை பைபிள் அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னொன்றைச் சுடலையம்மாள் வீட்டில் கொடுத்திருக்கிறேன். அவள் அதை ஈரம் படாத இடம் என்று உளுந்துப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். வாரக் கடைசியில் அவள் உளுந்தைத் துழாவி எடுத்து வருவாள், நான் புதுசு ஏற்றிக் கொடுப்பேன். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை, கட்டைவிரலுக்குச் சிரிப்பு மேல்.

இனி நல்ல செய்தி. ரத்தினம் அண்ணாச்சி நேற்று வீட்டுக்கே வந்தார். புதுக் கவுன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் பினோபார்ம் கவுன் போட வேண்டும், இந்தத் தரத்தில் செய்து தருவாயா என்று கேட்டார். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திவிட்டது. அவ்வளவு துணியையும் நான் ஒருத்தியாக வரைந்து வெட்டித் தீர்க்க முடியாது. ஒரு கட்டிங் மாஸ்டர் வேண்டும். ஆள் பார்த்துத் தரட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவிய மாலேலல்லாம்மா இருக்காவ என்றார். ஆமா, ஆனா ஈஸ்டர் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவும் வாய் முந்தியதுதான். ஆனால் சொன்ன பிறகு திருத்த மனம் வரவில்லை.

இசக்கிதுரை அண்ணன் ஒன்று கேட்டார். இவ்வளவு எழுதுகிறாயே, ஒரு பென்டிரைவைக் கொடுத்தால் நான் கொண்டுபோய் உன் மாப்பிள்ளை ஜெஸ்டினிடம் கொடுப்பேனே, காசில்லாத சாமான்தானே, அவனும் அங்கேயே போட்டுக்கொண்டு வரைவானே என்றார். அவர் சொல்வது சரிதான். மேஜை மேல் புது பென்டிரைவ் இருக்கத்தான் செய்தது. கையில் எடுத்தும் விட்டேன். அப்புறம் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். கொடுத்தால் நீங்கள் அங்கே உட்கார்ந்து வரைவீர்கள். நான் இங்கே உட்கார்ந்து வெட்டுவேன். மறுபடியும் ஒரு புதுக் கிறிஸ்துமஸ், மறுபடியும் ஒரு புது ஒப்பந்தம். கிளம்பும்போது போளியும் இந்தக் கடிதமும் தருகிறேன், அவற்றை மட்டும் கொண்டுபோங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என் மேல் கோபப்படுவதானால் இதற்குப் படுங்கள், நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கழுத்து, இடுப்பு, மடிப்பு எல்லாம் எனக்கு வந்துவிட்டது. கை வைத்த கவுனுக்குக் கைக்குழி மட்டும் வரவில்லை. எப்படி வளைத்தாலும் கையை வைத்துத் தைக்கும்போது சுருக்கம் விழுகிறது. பட்டனைத் தட்டி, அளவை மாற்றி, என்னென்னவோ செய்து பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் முட்டி மோதினால் அதுவும் வந்துவிடும் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் மோதவில்லை. உங்களுக்கென்று வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். சுடலையம்மாள்கூட அந்த இரண்டாவதில் உட்காருவதில்லை.

அது மட்டும் என்றால் யாராவது ஒரு மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கிளம்பும் முன்னால் பாப்பாவுக்கு அந்த வெள்ளைக் கவுனைத் தைத்தீர்கள். கடையில் விற்கிற கவுனுக்கு விடுவதைவிட அதிகமாக உள்ளே மடிப்பு மேல் மடிப்பாக வைத்தீர்கள். கனத்துப்போய், கவுன் தொங்கக்கூட மாட்டேன் என்றது. இவ்வளவு எதுக்கு என்று கேட்டேன். “வருஷத்துக்கு ஒன்னா பிரிச்சு விடு. அது தீருமுன்னால வந்துருவேன்” என்றீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நான் மறக்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான்தான் பிரித்துவிடுகிறேன். பிரித்த இடத்தில் பழைய தையல் தடம் வரிவரியாக இருக்கிறது.

இந்த ஈஸ்டருக்கும் அதே கவுன்தான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். புதுசாக எத்தனையோ தொங்குகிறது, ஒன்றும் வேண்டாமாம், அப்பா தைத்ததுதான் வேண்டுமாம். நேற்று ஊசியை எடுத்துப் பிரித்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே சரியாக வந்தது. கண்ணாடி முன்னால் நின்று சுற்றிப் பார்த்தாள். பிறகு கரையைத் திருப்பி, விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “எம்மா, உள்ள ஒன்னுமே இல்ல” என்றாள்.

அப்ப நான் எதுக்கு என்று கேட்டீர்களே அத்தான், இதற்குத்தான்.

போகும் வழியிலும் வரும் வழியிலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. அவர்கள் நீட்டுகிற பேனாவை வாங்காமல் வாருங்கள்.

என்றும் உங்கள்,
இவாஞ்சலின்